அத்தை மாட்டுக் கொம்பும் முசேகிவாவின் கையும்

முசேகிவா இன்னும் சாகவில்லை. நேற்றுகூட என் கடைக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்து, சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் அவன் சாவு வீட்டில் நான் பேச வேண்டியதை இப்போதே தயார் செய்து வைத்திருக்கிறேன். நான் அவனுடைய சாஹ்விரா. எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் இந்த உறவு. அவன் வீட்டில் யார் போனாலும், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது நடுவில் போய் நின்று, போனவரைப் போல நடந்து காட்டி, அவர் கஞ்சத்தனத்தையும் குறட்டையையும் ஊரறியச் சொல்லி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது என் வேலை. என் வீட்டில் அது அவன் வேலை. உண்மையைப் போட்டு உடைக்க எங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதையும் பேச்சில் சேர்த்துவிடுவோம்.

"கொம்புக் கதையை மட்டும் விட்டுடுடா" என்று கெஞ்சுகிறான்.

"அதை விட்டா உன் வாழ்க்கையில வேற என்னடா இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தேநீர் கேட்டான்.

முராம்பிண்டா கடைத்தெருவில், கள் விற்கும் பாரின் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது என் பஞ்சர் கடை. சனிக்கிழமை மதியமானால் சுவருக்கு அந்தப் பக்கம் முனெட்சியின் குழு வாசிக்கும். முனெட்சி பாடுவான், தாளத்துக்கு ஒரு கிட்டாரும் வைத்திருப்பான். குழுவில் முதல் கிட்டார் முசேகிவா. பாட்டு பாதி தூரம் நல்ல பிள்ளையாகப் போகும். அப்புறம் பாடுவது நின்று, முதல் கிட்டார் மட்டும் தனியாக ஓட ஆரம்பிக்கும். சனங்கள் வருவதே அந்த ஓட்டத்துக்காகத்தான். மண் பறக்க ஆடுவார்கள். அந்த நேரத்தில் கிட்டார் நின்றுபோனால், ஆடுகிறவன் தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல் முழிப்பான். முசேகிவா இந்த ஊரில் பலரை அப்படி முழிக்க வைத்திருக்கிறான்.

எல்லாம் வில்லையால் வந்த வினை. கம்பியைத் தட்ட விரலிடுக்கில் பிடிப்பார்களே, பிக் என்று சொல்கிற அந்தச் சின்ன வில்லை, அது இவன் கையில் தங்காது. முனெட்சியிடம் ஒரு நீல வில்லை உண்டு. அவன் மணிக்கட்டைத் தளர விட்டு, எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் தடவிக்கொண்டு போகிறவன். வருஷக்கணக்கில் வாசித்தும் அந்த வில்லையின் நுனி மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, லேசாக மழுங்கியிருக்கும். முசேகிவா அப்படி இல்லை. வில்லையை இறுக்கிச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு அடியில் ஆழமாக விட்டு நெம்புவான். தடித்த கம்பிகளின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும், அது அரம் மாதிரி. சாய்த்துப் பிடித்தால் வில்லையின் ஒரு தோள் மட்டும் அந்த அரத்தில் போய் உரசும். ஒரே மதியத்தில் அந்தப் பக்கம் காணாமல் போய், வில்லை பிளந்து, ஓட்டத்தின் நடுவில் கையை விட்டுப் பறக்கும்.

நான் டயர்க்காரன். டயர் நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணல். பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

"கோளாறு வில்லையில இல்லடா, உன் கையில" என்றேன்.

"பஞ்சர் ஒட்டறவனுக்குப் பாட்டைப் பத்தி என்னடா தெரியும்?"

"பாட்டைப் பத்தித் தெரியாது. தேயறதைப் பத்தித் தெரியும்."

முன்னே அவன் கை அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனிடம் சொந்தமாக ஒரு சிவப்புக் கிட்டார் இருந்தது. கம்பிகள் தாழ்வாகக் கிடக்கும், தொட்டால் போதும், பேசும். அந்தக் காலத்தில் ஒரு வில்லை அவனிடம் மாதக்கணக்கில் இருந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்தி அந்தக் கிட்டார் ஹராரே பஸ்ஸில் திருட்டுப்போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அவன் வாசிப்பது குழுவின் கிட்டார். அதன் கம்பிகள் துணி காயப்போடுகிற உயரத்தில் நிற்கின்றன. அடித்து எழுப்பினால்தான் சத்தமே வரும். இவனும் அடித்தான்.

இந்த நிலையில் அவன் மனைவி ருவிம்போ முதல் பிள்ளை உண்டானாள். முறைப்படி ஆடு கொண்டுபோய்க் கொடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் தாய்வீட்டில் பிரசவத்துக்கு விட்டோம். கல்யாணத்துக்குத் தூது போனவன் நான் என்பதால் இதற்கும் நான்தான் முன்னால் நடந்தேன். அவள் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது எங்களிடம் மரியாதை இல்லை. மற்ற மாமியார்கள் போகப் போக அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள். இந்த அத்தை அந்த மரியாதையைக் கையில் கம்பு மாதிரி பிடித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உன் சிநேகிதன்கிட்ட சொல்லு" என்றார் என்னிடம். சிநேகிதன் என் முதுகுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "கிட்டாரைத் தூக்கிக்கிட்டுத் திரியறவனுக்குப் பொண்ணைக் குடுத்தது என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்துட்டார். பேரப்பிள்ளையைக் குடுக்கறதா வேண்டாமான்னு பாக்கப்போறது நான். அந்தக் குழுவுல இவனுக்கு இடம் நிலைச்சா தாயையும் பிள்ளையையும் அனுப்பறேன். துரத்திட்டாங்கன்னு காதுல விழுந்தா, பிள்ளை இங்கதான் வளரும்."

நான் திரும்பி உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவனுக்கு மறுபடி சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். இருந்தாலும் அதுதான் முறை.

அந்த வாரமே ஒரு வில்லை பிளந்து, ஓட்டம் பாதியில் நின்றது. முனெட்சி ஒலிபெருக்கியை அணைக்கக்கூடப் பொறுக்காமல் கத்தினான். "இன்னொரு தரம் நடுவுல நின்னே, அடுத்த சனிக்கிழமை நீ வாசல்ல டிக்கெட் கிழிக்கலாம்!"

அதன் பிறகு முசேகிவா வில்லை தேட ஆரம்பித்தான். பெண்டாட்டி பிள்ளை வீடு வந்து சேர்வது ஒரு நகக்கண் அளவு பொருளில் வந்து நின்றால் எவனுக்கும் புத்தி கலங்கும். இவனுக்குக் கலங்க அதிகம் இல்லை, இருந்ததும் கலங்கியது. சோளக் கள் விற்கும் பழுப்பு பிளாஸ்டிக் ஜாடியை என் கத்தரிக்கோலால் வெட்டினான். கத்தரிக்கோல் மொண்ணையாயிற்று. அந்த வில்லை வெயிலில் வெந்து தொளதொளத்து, ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. பள்ளிக்கூடத்து அளவுகோலை வெட்டினான். முதல் பாட்டு அருமை. இரண்டாவதில் அது தெறித்து, முன்வரிசையில் ஒருவனின் கள்ளில் விழுந்தது. அவன் அதையும் சேர்த்துக் குடித்திருக்க வேண்டும், திருப்பித் தரவில்லை. அப்புறம் தன் வங்கி அட்டையை வெட்டினான். அதற்கு வேறு உபயோகமும் அப்போது இல்லை. ஓரம் பிசிறி, கம்பியில் சிக்கியது.

கடைசியில் பஸ் டிரைவரிடம் சொல்லி ஹராரேயிலிருந்து கடை வில்லைகளே வரவழைத்தான். மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. அன்றைக்கு என் கடைப் பலகையில் அவற்றை வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போனவன் மாதிரி மாறி மாறிப் பார்த்தான்.

"மெல்லிசு வளையுது. நான் அடிக்கிற அடிக்கு, அது நிமிர்ந்து வர்றதுக்குள்ள அடுத்த சுரம் வந்துடுது."

"அப்ப தடியை எடு."

"தடி வளையாது. அப்புறம் கம்பி வளையணும்."

எடுத்தான். கம்பி வளையவில்லை, அறுந்தது. வில்லை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பிழைத்துக்கொண்டது. நல்ல வேளையாக அது ஒத்திகை.

பாருக்குப் பின்னால் மாட்டுத்தலை வேகவைத்து விற்பார்கள். அங்கே போய் ஒரு கொம்பு வாங்கி வந்து, நுனியைச் சீவிப் பார்த்தான். வெந்த கொம்பு வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. ஆனால் உரியும் முன் அது கொடுத்த சத்தத்தைக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து பைத்தியம் முற்றிவிட்டது. வேகாத கொம்பு வேண்டும், கிழட்டு மாட்டுக் கொம்பு வேண்டும், அதிலும் பொந்து விழாத நுனி வேண்டும் என்று, தெருவில் போகிற மாட்டையெல்லாம் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேய்க்கிறவர்கள் இவனைக் கண்டால் மாட்டை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் ருவிம்போவுக்குச் சோள மாவும் காய்ந்த மீனும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வரும்போது சட்டைப்பையில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது. நேராக என் கடைக்கு வந்து, டியூபைச் சுரண்டுகிற என் அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தான்.

"எந்த மாடுடா?"

"ஒரு மாடு."

"மாட்டுக்குச் சொந்தக்காரங்க உண்டா?"

"எல்லா மாட்டுக்கும் சொந்தக்காரங்க உண்டு. நீ உன் டயரைப் பாரு."

நான் என் டயரைப் பார்த்தேன். அவன் மாலை வரைக்கும் ராவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, பழைய டியூபில் மெருகேற்றி, ஒரு வில்லை செய்தான். தேன் நிறத்தில் கறுப்புக் கோடு ஓடியது. நடுவில் தடிப்பு, ஓரம் மெலிவு. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வாசித்தான் பாருங்கள். வில்லை உடையவில்லை என்பது பெரிய விஷயமில்லை. அவன் கை மாறியிருந்தது. இது தேய்ந்தால் இன்னொன்று கிடைக்காது என்ற பயத்தில், சாய்த்துப் பிடித்த வில்லையைக் கொஞ்சம் நிமிர்த்தினான். ஆழமாக விடாமல் மேலாகத் தொட்டான். இறுக்கிய விரலைத் தளர்த்தினான். அந்த முரட்டுக் கிட்டாரும் அடிக்காமல் கேட்டால் சொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொம்பு அந்தக் கம்பியில் மணி மாதிரி பேசியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு லாரிச் சக்கரத்தை நடுவில் விட்டுவிட்டு நான் ஆடிக்கொண்டிருந்தேன். லாரிக்காரனும் ஆடினான், அதனால் திட்டவில்லை.

அன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ருவிம்போவின் தம்பி குட்சாய் அன்று பாருக்கு வந்திருந்தான். வாசித்து முடித்துக் கள்ளும் பாராட்டும் ஒன்றாகத் தலைக்கேறி இருந்தவனிடம் கேட்டான்.

"மச்சான், இன்னிக்கு உடையவே இல்லையே, என்ன வில்லை அது?"

"பாரு மச்சான், பாரு! உங்க வீட்டுச் சரக்குதான். உங்கம்மா மாட்டுக் கொம்பு!"

குட்சாயின் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். பரிசமாகக் கொடுக்கிற மாடுகளில் ஒன்று தாய்மாடு. பெண்ணைப் பெற்ற வயிற்றுக்கு என்று தாய்க்குக் கொடுப்பது. மற்ற மாடுகள் மாமனாருடையவை, மெதுவாக வந்து சேரலாம். தாய்மாடு அன்றைக்கே வர வேண்டும், அதன் பாலும் கன்றும் தாய்க்கும் தாய் வழிக்கும் மட்டும்தான். அதைக் கொடுத்தவன் அப்புறம் அதைக் கண்ணாலும் உரிமையோடு பார்க்கக் கூடாது. முசேகிவா அத்தைக்குக் கொடுத்த தாய்மாடு வாங்கும்போதே வயதானது, அதன் ஒரு கொம்பு வளைந்து கண்ணைக் குத்த வந்திருந்தது. முசேகிவா போன அன்று, "யாராவது அந்த நுனியை வெட்டிவிட்டா தேவலை" என்று அத்தை ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். மாமியார் வீட்டில் 'யாராவது' என்றால் மருமகன்தான். மாட்டுக்கு வலிக்காமல் பக்குவமாக அறுத்தான். நுனி சாணியில் விழுந்தது. தாய்மாட்டிலிருந்து விழுந்தது எதுவும் தொழுவத்தைத் தாண்டக் கூடாது என்பது அத்தை வீட்டு வழக்கம், அது இவனுக்கும் தெரியும். எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் மாமியாரிடம் எப்படி வாயைத் திறந்து கேட்பது? அதுவும் தாய்மாட்டில் ஒரு துண்டை? கேட்க வெட்கப்பட்டவன் எடுக்க வெட்கப்படவில்லை. எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள்.

அடுத்த வாரம் குட்சாய் இரண்டு சேதியோடு வந்தான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். இரண்டாவது, அத்தை சொன்னது. தொழுவத்தில் கைவைத்த வீட்டுக்குத் தாயும் வராது, பிள்ளையும் வராது.

முசேகிவா என் கடையில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்குத் தேநீர் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"பொண்ணுடா சாஹ்விரா" என்றான். "யாரை மாதிரி இருக்கான்னுகூடத் தெரியல."

"உன்னை மாதிரி இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கோ. எந்திரி, போகலாம்."

ஆற்றைத் தாண்டிப் போய், வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, பணிவாக அனுமதி கேட்கிற முறைப்படி கைகளைக் குவித்துத் தட்டினோம். பதில் இல்லை. மறுபடி தட்டினோம். நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உள்ளே குழந்தை அழுதது. முசேகிவா அப்படியே தலையைத் தூக்கினான். நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். நான் விழுங்கிய ஒரே கிண்டல் அதுதான். வெயில் உச்சந்தலைக்கு வந்த பிறகு அத்தை சமையல் குடிசை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

நான் ஒரு மரத்தட்டில் வில்லையை வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என் மாட்டுக் கொம்பு ஒரு விரல் நீளம் இருந்தது. இது நகம் அளவு இருக்கு. மிச்சம் எங்கன்னு உன் சிநேகிதனைக் கேளு."

"மிச்சம் என் கடையில தூளாக் கிடக்கு அத்தே."

"கூட்டி அள்ளிக்கிட்டு வா."

"டயர்த் தூளோட கலந்துபோச்சே."

"பிரிச்சு எடுத்துக்கிட்டு வா. இந்தப் பக்கம் ஏன் சாய்வாத் தேஞ்சிருக்கு?"

"அது உங்க மாப்பிள்ளை கைவாகு அத்தே. இது கொஞ்சம்தான். முன்னெல்லாம் பாதியைத் தின்னுடுவான்."

பின்னால் முசேகிவா என் முதுகில் கிள்ளினான். அத்தை சிரிக்கவில்லை. வில்லையைத் தட்டில் போட்டார்.

"நான் பொண்ணைப் பெத்ததுக்கு எனக்குன்னு வந்தது அந்த ஒரு உயிர்தான். வேற எதுவும் என் பேர்ல கிடையாது. குடுத்துட்டு, அப்புறம் வந்து கொஞ்சம் எடுத்துக்கிற கை இது. இந்தக் கை கம்பியில தேய்க்கிற மாதிரி நாளைக்கு என் பொண்ணையும் ஒரு பக்கமாத் தேய்ச்சு எடுத்துடும். போய்ட்டு வாங்க."

எழுந்துவிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டால் அதோடு போயிற்று என்று எனக்குத் தெரியும். முசேகிவா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமியார் முன்னால் அவன் பேசக் கூடாது. அவன் மரியாதை மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சாஹ்விராவிடம் சத்தியம் வாங்குகிறவன் முட்டாள்.

"அத்தே, அந்த மாடு முன்னாடி என்னவா இருந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். "கிட்டாரா இருந்தது! சிவப்புக் கிட்டார்! பரிசம் பேசின அன்னிக்கு, மத்ததெல்லாம் மெதுவா வரட்டும், தாய்மாடு மட்டும் உடனே வரணும்னு சொன்னீங்களே, இவன்கிட்ட என்ன இருந்தது? அதை வித்துத்தான் உங்க மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தான். அந்தக் கிட்டார் கையில இருந்தா இவன் எதுக்கு அடிக்கப்போறான், எதுக்குத் தேய்க்கப்போறான், எதுக்கு உங்க சாணியில போய்க் கொம்பு பொறுக்கப்போறான்?"

அத்தை நின்றார். குடிசைக்குள்ளிருந்து ருவிம்போ குழந்தையோடு வெளியே வந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது.

"பஸ்ல திருட்டுப்போச்சுன்னு சொன்னே?" என்றாள் புருஷனைப் பார்த்து.

முசேகிவா தரையைப் பார்த்தபடியே சொன்னான். "பஸ்ல போச்சுன்னுதான் சொன்னேன். பஸ்லதான் கொண்டுபோய் வித்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நீ மாட்டைப் பாக்கறப்பல்லாம் அதை நினைப்பே. அத்தையும் நினைப்பாங்க. குடுத்தது குடுத்ததா இருக்கணும்ல."

அத்தை தொழுவத்துப் பக்கம் பார்த்தார். அந்தக் கிழட்டு மாடு ஒரு கொம்பு நீளமும் ஒரு கொம்பு குட்டையுமாக நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. என் கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அப்புறம் அத்தை குனிந்து தட்டிலிருந்த வில்லையை எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போனார். பழுக்கக் காய்ச்சிய கம்பி கொம்பில் இறங்குகிற வாடை வந்தது. வெளியே வரும்போது வில்லையில் ஒரு துளை, துளையில் ஒரு கறுப்புக் கயிறு. ருவிம்போவின் கையிலிருந்த குழந்தையின் இடுப்பில் அதைக் கட்டினார்.

"தாய்மாட்டோடது தாய் வழிக்குத்தான் போகும். இவ என் பொண்ணு வயித்துல பொறந்தவ" என்றார். பிறகு என்னைத் தாண்டி, முதல் தடவையாக, அவனையே பார்த்துப் பேசினார்.

"மாப்பிள்ளை. திருட்டுக்கு ஒரு கோழி, பொய்க்கு ஒரு கோழி கொண்டுவாங்க. மூணு பேருமா வீட்டுக்குப் போங்க. இது இனிமே இவளோடது. வேணும்னா இவகிட்ட கேட்டு வாங்கிக்குங்க. கேக்கணும். எடுக்கக் கூடாது."

முசேகிவா குழந்தையை வாங்கிக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் சாமான்களை நான்தான் சுமந்தேன். கோழி இரண்டும் என் கூட்டிலிருந்துதான் போயின என்பதை அவன் சாவு வீட்டில் கட்டாயம் சொல்வேன்.

குழந்தைக்கு இப்போது பற்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை மதியம் நீங்கள் வந்தால் பார்க்கலாம். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு ஆள், இஸ்திரி போட்ட சட்டையோடு, தன் வீட்டு முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகளைக் குவித்துத் தட்டி, அந்த வாண்டிடம் வில்லை கேட்டுக்கொண்டிருப்பான். சில வாரம் தருவாள். சில வாரம் வாயில் போட்டுக்கொள்வாள். அவன் தேய்த்த தோளுக்கு எதிர்ப்பக்கத் தோளை அவள் கடித்துக் கடித்து மழுக்கியிருக்கிறாள். இப்போது இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது, கம்பியில் இன்னும் நன்றாகப் பேசுகிறது என்று அவனே சொல்கிறான்.

போன வாரம் தரவில்லை. அளவுகோல் துண்டோடு போனான். ஓட்டத்தின் நடுவில் அது தெறித்தது, முனெட்சி கத்தினான், டிக்கெட் கிழிக்கச் சொன்னான். எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஆறுதல் சொல்லலாம் என்று காலையில் காத்திருந்தால், முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அவ அதை எப்படிப் பிடிக்கிறா தெரியுமாடா சாஹ்விரா? ரெண்டே விரல். நிமிர்த்தி. கொஞ்சம்கூட அழுத்தறதில்ல."

"அப்ப உன் பொண்ணுதானான்னு அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றேன்.

அதற்குக்கூட அவனுக்குக் கோபம் வரவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.